தோசை மாவிலிருந்து மஞ்சள் பற்றீரியா பிடிக்கும் முறை

புளித்த தோசை மாவில் இருக்கும் பற்றீரியாக்களில் சில, விற்றமின் பி2 ஆகிய ரைபோபிளேவினைத் தாங்களே செய்துகொள்ளக் கூடியவை. ஆனால் தங்கள் தேவைக்கு மட்டும்தான் செய்யும். நமக்கென்று மிச்சம் பிடிக்காது. அந்தக் கஞ்சப் பற்றீரியாக் கூட்டத்துக்குள் அளவு தெரியாமல் செய்து வெளியே கொட்டும் ஒன்றிரண்டு எப்போதும் ஒளிந்திருக்கும். அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் இங்கே வேலை. வெளியிலிருந்து ஒரு பரம்பரையலகையும் உள்ளே செருகப் போவதில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் என்னோடு ஆய்வுகூடத்தில் நிற்கும் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. இம்முறை எழுதியே வைக்கிறேன்.

முதலில் இந்தக் கஞ்சத்தனம் எப்படி நடக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். அது விளங்காமல் குழாயைக் கையில் எடுத்தால் வேலை முழுவதும் வீண்.

ரைபோபிளேவின் செய்யும் நொதியங்களுக்கான பரம்பரையலகுகள் நான்கும் பற்றீரியாவின் டி.என்.ஏ.யில் ஒரே வரிசையில் இருக்கின்றன. ஒரு ஜி.டி.பி. (குவானோசின் முப்பொஸ்பேற்று) மூலக்கூறும் இரண்டு ரிபுலோஸ்-5-பொஸ்பேற்று மூலக்கூறுகளும் சேர்ந்தால் ஒரு ரைபோபிளேவின். அது பிறகு எப்.எம்.என். என்ற வடிவத்துக்கு மாறி நொதியங்களோடு ஒட்டி வேலை செய்யும். இனித்தான் முக்கியமான இடம். அந்த நான்கு பரம்பரையலகுகளும் ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படும்போது, அவற்றுக்கு முன்னால் ஒரு தலைப்பகுதி முதலில் வெளியே வரும். அது தன்னைத்தானே மடித்து ஒரு பை மாதிரி நிற்கும். கலத்துக்குள் எப்.எம்.என். போதுமானளவு இருந்தால் அதில் ஒன்று வந்து அந்தப் பைக்குள் உட்காரும். உட்கார்ந்ததும் ஆர்.என்.ஏ.யின் அடுத்த துண்டு கொண்டையூசி போல வளைந்து, படியெடுப்பு அங்கேயே நின்றுவிடும். பரம்பரையலகுகள் வரை போகாது. எப்.எம்.என். குறைந்தால் பை காலி, மடிப்பு வேறு விதமாக விழும், படியெடுப்பு தொடரும்.

இடையில் புரதம் எதுவும் காவல் நிற்பதில்லை, ஆர்.என்.ஏ.யே நேராக மூலக்கூறைத் தொட்டுப் பார்க்கிறது. இதற்கு ரைபோசுவிட்ச் என்று பெயர். யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கரின் குழுவும் நியூயோர்க்கில் எவ்ஜெனி நட்லரின் குழுவும் 2002 இல் இதைத் தனித்தனியே காட்டின. உயர்தர வகுப்பில் லாக் ஒப்பரோன் (ஒரு புரதம் அடக்கிவைக்கும் பரம்பரையலகுத் தொகுதி) படித்த ஞாபகத்தில் இங்கேயும் ஓர் அடக்கும் புரதத்தைத் தேடுவார்கள் பிள்ளைகள். தேட வேண்டாம், இல்லை.

வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் மிதக்கும் பந்தை நினைத்தால் போதும். தண்ணீர் நிறைந்தால் பந்து எழும்பிக் குழாயை அடைக்கும். அந்தப் பந்து உடைந்த தாங்கிதான் நமக்கு வேண்டும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. இனிச் சொல்லும் எல்லாப் படிகளிலும் அது திரும்பத் திரும்ப வரும்: விற்றமினைக் கொடுத்தால் பற்றீரியா செய்யாது. வளர்ப்பு ஊடகத்துக்குள் எதைப் போடுகிறோம் என்பதைவிட எது போகாமல் பார்க்கிறோம் என்பதில்தான் இந்த வேலை நிற்கிறது.

சரி, மாவுக்கு வருவோம். நம்முடைய யாழ்ப்பாணத் தோசைக்கு உழுந்தும் வெந்தயமும் ஊறவைத்து அரைத்து, அரிசியோ கோதுமை மாவோ கலந்து, இரவிரவாகப் புளிக்க விடுவோம். விடியத்தான் மஞ்சளும் தாளிதமும் விழும். மாதிரியை அந்த மஞ்சள் விழுவதற்கு முதல் எடுங்கள். ரைபோபிளேவினும் மஞ்சள், மஞ்சளிலுள்ள குர்க்குமினும் மஞ்சள், இரண்டும் ஊதாக்கடந்த ஒளியில் ஒளிரக் கூடியவை. பிறகு எது எதுவென்று அடிபட வேண்டி வரும். வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை போட்டுத் தாளித்த எண்ணெய் விழுந்த மாவும் வேண்டாம். பொங்கி, மேலே குமிழ் வெடித்துக் கொண்டிருக்கும் நேரத்து மா, கொதிநீரில் போட்டெடுத்த கரண்டியால் நடுவிலிருந்து எடுத்தது, மூடியுள்ள சின்னப் போத்தலில். அது போதும். தவறணையிலிருந்து வாங்கிய பனங்கள்ளிலும் தேடலாம், பழஞ்சோற்றுத் தண்ணீரிலும் தேடலாம். கள்ளில் மதுவங்கள் (ஈஸ்ட்) ஆளை மூடிவிடும் என்பதால் முதல்முறை செய்பவர்களுக்கு நான் மாவைத்தான் சொல்வேன்.

ஒரு கிராம் மாவை 9 மில்லிலீற்றர் கிருமிநீக்கிய உப்புநீரில் (0.85 சதவீதம்) கலக்கி, அதிலிருந்து பத்துப் பத்து மடங்காக ஐதாக்கிக்கொண்டு போங்கள். பத்து இலட்சத்தில் ஒன்று, கோடியில் ஒன்று என்ற அளவுகளில் லக்ரிக் அமிலப் பற்றீரியாக்களை வளர்க்கும் ஊடகமான எம்.ஆர்.எஸ். ஏகாரில் பரப்புங்கள். ஏகாருக்குள் சுண்ணத்தூள், அதாவது கல்சியம் காபனேற்று, ஒரு சதவீதம் வரை சேர்த்தால் அமிலம் செய்யும் பற்றீரியாக் குடியிருப்புகளை (ஏகாரில் புள்ளி புள்ளியாகப் பெருகி நிற்பவற்றை) சுற்றி வெண்மை கரைந்து கண்ணாடி வளையம் தெரியும். மதுவத்தை அடக்கச் சைக்ளோஹெக்சிமைட் சேர்க்கலாம். கவனம், அது நமக்கும் நஞ்சு. கையுறை போட்டே தொடுங்கள்.

ஊடகம் கரைக்கக் கிணற்றுத் தண்ணீர் பாவிக்க வேண்டாம். இங்கே நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல், கேத்தில் அடியில் படியும் வெள்ளைத் தட்டைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரில் செய்த ஊடகத்தை அவித்து எடுத்தால் பொஸ்பேற்று வீழ்படிவாகிக் கலங்கி நிற்கும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான்.

வளர்க்க 30 பாகை செல்சியஸ், இரண்டு நாள். இதில் யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஓர் அதிர்ஷ்டம். கரண்ட் போய் அடைகாப்பான் நின்றாலும் அறை வெப்பநிலையே கிட்டத்தட்ட அதுதான். ஒட்சிசனைக் குறைக்க மெழுகுதிரி கொளுத்தி மூடிய சாடி போதும்.

வளையத்தோடு வந்த குடியிருப்புகளைத் தனித்தனியே எடுத்துச் சுத்தப்படுத்துங்கள். கிராம் சாயச் சோதனையில் கிராம் நேர் (பொசிற்றிவ்) என்று வர வேண்டும். ஐதரசன் பெரொட்சைட்டு 3 சதவீதம் ஒரு துளி விட்டால் நுரைக்கக் கூடாது. குளுக்கோசில் வளர்த்துக் கவிழ்த்த சிறு குழாயில் வாயு சேர்கிறதா பாருங்கள். சேர்ந்தால் அது லியுக்கொனொஸ்ரொக் போன்ற ஆளாக இருக்கலாம். மாவைப் பொங்கவைப்பதில் பெரும்பங்கு அவருக்குத்தான். வாயு விடாத கோலுருவங்களில் லக்டோபசிலஸ் பிளாண்டாரம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு (2020 இல் அதற்கு லக்டிபிளாண்டிபசிலஸ் என்று பெயரை நீட்டிவிட்டார்கள், நான் பழைய பெயரிலேயே போகிறேன்). இந்தப் பகுதி எல்லாம் எந்தச் செய்முறைக் கொப்பியிலும் இருக்கும், அதனால் ஓடிவிட்டேன்.

இனி வருவதில் ஓட முடியாது.

லக்ரிக் அமிலப் பற்றீரியாக்களில் எல்லாமே ரைபோபிளேவின் செய்யத் தெரிந்தவை அல்ல. பால், மா போன்ற சத்தான இடங்களில் காலம்காலமாக வாழ்ந்து, சும்மா கிடைப்பதை ஏன் செய்ய வேண்டும் என்று பலவும் அந்தப் பரம்பரையலகுகளைத் தொலைத்துவிட்டன. பிளாண்டாரத்துக்குள்ளேயே நான்கும் முழுமையாக உள்ள குலவகைகளும் உண்டு, பாதி தொலைந்தவையும் உண்டு. தொலைத்த ஆளிடம் சுவிட்சை உடைத்துப் பயனில்லை. ஆகவே முதலில் யார் யார் முழுமையானவர் என்று பிரிக்க வேண்டும்.

இதற்கு ரைபோபிளேவின் இல்லாத ஊடகம் வேண்டும். இந்த விற்றமினை மதிப்பிடவென்றே தூளாக விற்கிறார்கள். எம்.ஆர்.எஸ். இங்கே உதவாது. அதற்குள் மதுவச் சாறு இருக்கிறது, மதுவச் சாறு என்றால் பி விற்றமின்களின் களஞ்சியம். எம்.ஆர்.எஸ்.ஸில் வளர்ந்த கலங்களை மையநீக்கியில் சுழற்றி அடியில் படியவைத்து, மேல்நீரை ஊற்றிவிட்டு, உப்புநீரில் கழுவுங்கள். மூன்று தரமாவது கழுவ வேண்டும். பிறகு விற்றமின் இல்லாத ஊடகத்துக்கு நூறில் ஒரு பங்கு மாற்றுங்கள்.

அடுத்த நாள் குழாய் கலங்கியிருக்கும். அதைக் கண்டதும் பிள்ளைகள் துள்ளுவார்கள். பொறுங்கள். கலத்துக்குள் பழைய சேமிப்பு இருக்கும், அதை வைத்தே இரண்டொரு தலைமுறை தள்ளிவிடும். அந்தக் குழாயிலிருந்து புதிய குழாய்க்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று மூன்று நான்கு தரம் மாற்றுங்கள். சேமிப்பில் ஓடியவை ஒவ்வொரு மாற்றத்திலும் தெளிந்துகொண்டே வந்து கடைசியில் வெறும் ஊடகமாக நிற்கும். கடைசிவரை கலங்கல் குறையாதவைதான் உங்களுடைய ஆட்கள். பக்கத்தில் ரைபோபிளேவின் சேர்த்த ஊடகத்தில் அதே குலவகைகளை ஓடவிட்டு ஒப்பிடுங்கள். அது இல்லாவிட்டால், தெளிந்து போனது விற்றமின் பசியிலா வேறு நோயிலா என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில் நிறையப் பேர் வடிந்துவிடுவார்கள், ஆட்களும் சரி பற்றீரியாக்களும் சரி. மிஞ்சும் சிலவற்றை வைத்து அடுத்த படி.

ரோசியோபிளேவின் என்று ஒரு சிவப்புப் பொருள். பிலிப்பைன்ஸ் மண்ணில் கண்டெடுத்த ஒரு ஸ்ரெப்டோமைசிஸ் பற்றீரியா அதைச் செய்கிறது. வடிவத்தில் ரைபோபிளேவினுக்கு உடன்பிறப்பு. பற்றீரியா அதை ரைபோபிளேவின் என்று நம்பி உள்ளே எடுத்து, எப்.எம்.என். போலவே மாற்றும். அந்தப் போலி போய்ச் சுவிட்சின் பைக்குள் உட்காரும். தாங்கியில் தண்ணீர் இல்லாதபோதும் பந்தைக் கையால் தூக்கிப் பிடித்த கதைதான். உற்பத்தி நிற்கும், உள்ளே உண்மையான விற்றமின் இல்லை, போலி நொதியங்களிலும் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும், கலம் வளராது. கோடிக்கணக்கான கலங்களில் ஏதோ ஒன்றிரண்டில் அந்தத் தலைப்பகுதி தற்செயலாக ஏற்கெனவே மாறியிருக்கும். அவற்றின் பைக்குள் போலியும் உட்கார முடியாது, அசலும் உட்கார முடியாது. சுவிட்ச் எப்போதும் திறந்தபடி. அவை மட்டும் வளரும். சாகவேண்டிய இடத்தில் சாகாமல் நிற்பதே அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். (அதைச் செய்யும் ஸ்ரெப்டோமைசிஸ் எப்படித் தப்புகிறது என்று கேட்பீர்கள். அதன் சுவிட்சுக்கு அசலையும் போலியையும் பிரித்துப் பார்க்கத் தெரியும்.)

செய்யும் விதம்: விற்றமின் இல்லாத அதே ஊடகத்தில் ரோசியோபிளேவினைச் சிறிய அளவில் தொடங்கி, குழாய்க்குக் குழாய் கூட்டிக்கொண்டு போங்கள். லீற்றருக்கு ஓரிரு மில்லிகிராமில் தொடங்கி 100 மில்லிகிராம் வரை போகலாம். ஒவ்வொரு அளவிலும் நன்றாகக் கலங்கிய பிறகே அடுத்தது. தூள் தண்ணீரில் இலகுவில் கரையாது, பொறுமையாகக் கலக்கி, 0.22 மைக்ரோமீற்றர் வடியால் வடித்துச் சேருங்கள். விலை கூடியது, மில்லிகிராம் கணக்கில்தான் வாங்க வரும். அதனால் சின்னக் குழாய்களில், இரண்டு மில்லிலீற்றர் அளவில் வேலை செய்யுங்கள். இங்கே தவறியும் எம்.ஆர்.எஸ். ஒரு துளிகூடச் சேரக் கூடாது. மதுவச் சாற்றிலுள்ள அசல் விற்றமின் போலியோடு போட்டி போட்டு எல்லோரையும் பிழைக்க வைத்துவிடும், நீங்கள் ரோசியோபிளேவின் மருந்துக்கு அசையாத வீரர்களைப் பிடித்ததாக நினைத்துக் கொண்டிருப்பீர்கள்.

கடைசிக் குழாயிலிருந்து ரோசியோபிளேவின் உள்ள ஏகாரில் பரப்பித் தனிக் குடியிருப்புகள் எடுங்கள். எடுத்தவற்றை ரோசியோபிளேவின் இல்லாத, விற்றமினும் இல்லாத ஊடகத்துக்கு மாற்றிச் சிவப்பைப் போக்காட்டுங்கள். விடிய அந்தக் குழாய்களை வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் வரிசையாகப் பிடித்துப் பாருங்கள். தாய்க் குலவகையின் குழாய் வெறும் பால் கலங்கல். கலங்களைச் சுழற்றி இறக்கினால் மேல்நீர் நிறமற்றிருக்கும். நல்ல ஒன்று கிடைத்திருந்தால் அதன் மேல்நீர் எலுமிச்சைத் தோல் நிறத்தில் நிற்கும், குழாயின் விளிம்பில் பச்சைச் சாயல் ஓடும். காசு நோட்டுப் பார்க்கும் ஊதா லைற்றை இருட்டில் அடித்தால் அது பச்சை கலந்த மஞ்சளாக எரியும். ரோசியோபிளேவின் தானாக ஒளிராது என்பதால் மிச்ச மருந்து உங்களை ஏமாற்றவும் வழியில்லை.

அந்த ஒளி எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே பழகிக்கொள்ள ஆய்வுகூடமே தேவையில்லை. பாமசியில் வாங்கும் பி கொம்பிளெக்ஸ் குளிசை ஒன்றை உடைத்துத் தண்ணீரில் கலக்கி அதே லைற்றை அடியுங்கள். அந்தக் குளிசை போட்ட அன்று சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவதும் இதே ரைபோபிளேவினால்தான்.

மருந்துக்குத் தப்பிய எல்லாமே மஞ்சளாக வராது. சில மருந்தை உள்ளே எடுக்காமலே தப்பியிருக்கும். வேறு சிலவற்றில் ரைபோபிளேவினை எப்.எம்.என். ஆக்கும் நொதியம் பழுதாகியிருக்கும். பசிலஸ் சப்டிலிஸ் என்ற பற்றீரியாவில் இது நன்கு தெரிந்த விஷயம். அங்கே சுவிட்ச் நல்லபடி இருந்தும் எப்.எம்.என். குறைவதால் உற்பத்தி திறந்தே கிடக்கும். ஆகவே மஞ்சளைக் கண்ணால் கண்ட பிறகும், தலைப்பகுதியைப் பி.சி.ஆரில் பெருக்கி எழுத்து வரிசை எடுக்கக் கொடுங்கள். ஒரு எழுத்து மாறியிருக்கலாம், ஒரு துண்டே காணாமல் போயிருக்கலாம். தாயின் வரிசையையும் சேர்த்துக் கொடுங்கள். தாய் இல்லாமல் பிள்ளையின் வரிசையை மட்டும் அனுப்பிவிட்டு, எது மாறியது என்று என்னிடம் கேட்டு வருபவர்களுக்கு நான் தேநீர் மட்டும்தான் கொடுக்க முடியும்.

அளக்கும்போது வெளிச்சம்தான் எதிரி. ரைபோபிளேவின் சூட்டைத் தாங்கும், அமிலத்தைத் தாங்கும். வெளிச்சத்தையும் காரத்தையும் தாங்காது. குழாய்களுக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள், யன்னல் ஓர மேசை வேண்டாம். ஒளிர்வுமானி இருந்தால் 450 நனோமீற்றர் அளவில் ஒளியைக் கொடுத்து 525 இல் வாசியுங்கள். தெரிந்த அளவுகளில் கரைத்த ரைபோபிளேவினால் நேர்கோடு வரைந்து ஒப்பிடுங்கள். இயந்திரம் இல்லாத இடத்தில் பழைய முறை இருக்கிறது: லக்டோபசிலஸ் ரம்னோசஸ் ஏ.ரி.சி.சி. 7469 என்ற குலவகைக்கு ரைபோபிளேவின் செய்யத் தெரியாது. கொடுத்த அளவுக்கே வளரும். அதன் கலங்கலை அளந்தால் விற்றமினை அளந்த மாதிரி. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளுக்கு 1.1 முதல் 1.3 மில்லிகிராம் ரைபோபிளேவின் தேவை. அந்தக் கணக்கில், உங்கள் பற்றீரியா லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் விட்டாலே எனக்கு மகிழ்ச்சி.

மருந்து இல்லாமல் பல தரம் மாற்றி மாற்றி வளர்த்த பின்னும் மஞ்சள் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மாவுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் நேரே குசினிக்கு அல்ல. 16 எஸ் (இனத்தை அடையாளம் காட்டும் ஆர்.என்.ஏ. பரம்பரையலகு) வரிசையால் ஆள் யார் என்று உறுதிசெய்து, நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பும் பார்த்த பிறகுதான் வாயில் வைக்கும் பேச்சு. ரோசியோபிளேவின் தொட்ட எந்தக் குழாயிலிருந்தும் நேராக மாவுக்கு எடுக்கக் கூடாது. பரிசோதனை மாவுக்கு நிறையக் கலங்களாகப் போடுங்கள். வீண் உற்பத்தியில் சத்தைக் கொட்டும் ஆள் இவர். மாவில் ஏற்கெனவே உள்ள சிக்கனக்காரர்கள் இவரை முந்திவிடுவார்கள். முதல் நாள் மாவில் ஒரு கரண்டியை அடுத்த நாள் மாவுக்கு விட்டு விட்டு ஓட்டினால் சில நாளில் இவர் காணாமல் போகக் கூடும். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்ப்பதுதான் என் வழி.

சைவக்காரர் வீடுகளில் அடுத்த கேள்வி எப்போதும் பி12 பற்றித்தான். இதே முறையில் அதையும் தோசையில் வரவழைக்க ஏலாதா? ஏலாது. பி12 இற்கும் ரைபோசுவிட்ச் உண்டு, சுவிஸ் சீஸில் துளை போடும் புரொப்பியோனிபற்றீரியம் அதை நல்ல வடிவில் செய்கிறது, ஆனால் அது நம் மாவில் வசிக்கும் ஆள் அல்ல. ரியூட்டறை என்ற லக்டோபசிலஸ் செய்வது பெரும்பாலும் போலி பி12. மூலக்கூறின் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டிய பகுதிக்குப் பதில் அடினைன் இருக்கும், நம் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. பற்றீரியாவை வைத்து அளக்கும் பழைய முறை போலியையும் அசலோடு சேர்த்து எண்ணிவிடும். புளித்த மாவில் பி12 இருக்கிறது என்று யாராவது எண் காட்டினால் எந்த முறையில் அளந்தது என்று கேளுங்கள். பி12 குறைந்தவர்கள் டொக்டர் தரும் குளிசையைப் போடுவதே நல்லது.

போலேற்றில் (விற்றமின் பி9) கதை வேறு. தயிரில் ஸ்ரெப்டோகொக்கஸ் தேமோபிலஸ் அதைச் செய்யும், கூட இருக்கும் லக்டோபசிலஸ் பல்காரிக்கஸ் எடுத்துத் தின்னும். யாரை யாரோடு சேர்க்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். பிளாண்டாரத்துக்கு என்றால் பாரா அமினோ பென்சோயிக் அமிலம் கையில் கொடுத்தால்தான் போலேற்று வரும். கொடுத்தால் செய்யாது என்ற விதி இங்கே தலைகீழ், ஏனென்றால் கொடுப்பது விற்றமின் அல்ல, அதைச் செய்யும் மூலப்பொருள்.

கிடைத்த நல்ல குலவகையை 20 சதவீதம் கிளிசரோல் சேர்த்த ஊடகத்தில் மைனஸ் 80 பாகையில் வையுங்கள். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைக்காமல் வேறு கட்டடத்திலுள்ள குளிர்பெட்டியிலும் ஒரு பிரதி வையுங்கள், கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து உருகக் கூடாது. குழாயில் எழுதும்போது எந்த மாவு, எந்தத் தாய், எந்த அளவு மருந்தில் எடுத்தது என்று மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை அற்ககோல் பட்டால் போய்விடும்.